ஆறு பேர் தங்கும் வீடு

என் அண்ணன் எங்கும் மேனேஜராக இருந்ததில்லை. ஆனால் கடைசியாகத் தங்கியிருந்த வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். வேலை என்னவோ பேக்கரியில் மாவு பிசைவது. விடியும் முன் கிளம்பிப் போய், வெயில் ஏறும்போது திரும்பிவிடுவான். இரண்டு முன்கைகளிலும் அடுப்புத் தட்டு பட்ட தழும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அம்மா அதைத் தடவிப் பார்த்து ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "சம்பள உயர்வும்மா, வருஷத்துக்கு ஒண்ணு போடுவாங்க" என்பான்.

சின்ன வயதிலேயே அவனுக்கு ஒரு திறமை இருந்தது. எங்கள் வீடு ஒரே அறை. உறவுக்காரர்கள் வந்துவிட்டால், யாரை எங்கே படுக்க வைப்பது என்று அப்பா கையைப் பிசைவார். அண்ணன் போர்வைகளை உதறிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிடுவான். குறட்டை விடுகிற பெரியப்பா கதவோரம். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கிற அத்தை குடத்துக்குப் பக்கத்தில். பிள்ளைகள் தலைமாறிப் படுக்க வேண்டும். எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும். அவன் எங்கே படுத்தான் என்பதுதான் காலையில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தோம். இடமில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்ப அவனால் முடியாது. அப்பா போன பிறகு அவன் படிப்பை நிறுத்தினான், நான் நிறுத்தவில்லை. அதை ஒரு நாளும் அவன் சொல்லிக்காட்டியதில்லை.

நகரத்துக்கு வேலைக்குப் போனபோது அவனுக்கு வீடு கிடைக்கவில்லை. போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, "குடும்பம் இருக்கா?" என்பதுதான். "இருக்கு, ஊர்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு பாதி சாத்தியிருக்கும். தனியாக வந்த ஆண்களுக்கு அந்தத் தெருவில் கிடைத்தவை பங்கு வீடுகள் மட்டுமே. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய பழைய வீட்டைப் பலகைகளால் தடுத்து, கட்டில் கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்தது அப்படி ஒரு வீட்டில்தான்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருக்கிறேன். இரண்டு மாடி, குறுகலான வீடு. உள்ளே மரப்படி. படிக்கட்டுக்கு அடியில் ஓர் அலமாரி. முன்வாசலை ஒட்டிச் சுவரில் நகராட்சி ஒட்டிய தாள் இருந்தது. இந்த வீட்டில் ஆறு பேர் தங்கலாம், சன்னல் இல்லாத அறையில் யாரும் படுக்கக் கூடாது, அறைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது, புகை வந்தால் கத்துகிற கருவி எப்போதும் வேலை செய்ய வேண்டும், பின்பக்க இரும்புப்படிக்குப் போகிற கதவு சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. அதன் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

அங்கே இருந்தது பதினோரு பேர். பகலில் வேலைக்குப் போகிறவன் எழுந்த கட்டிலில் இரவு வேலை முடித்து வந்தவன் படுப்பான். மெத்தை ஆறுவதே இல்லை என்று சிரிப்பார்கள். பின்பக்கக் கதவில் பெரிய பூட்டு. ஒருமுறை அந்த வழியாகத் திருடன் வந்து எல்லோருடைய போனையும் அள்ளிக்கொண்டு போனானாம். இரும்புப்படியில் பழைய மெத்தைகளும் சைக்கிள்களும் கிடந்தன. கூடத்தின் உச்சியில் இருந்த புகைக் கருவிக்கு ஒரு சாக்ஸ் மாட்டியிருந்தது.

"என்னண்ணா இது, அதுக்குப் போய் சாக்ஸ் போட்டிருக்கே?"

"அதுக்குக் குளிருதாம்."

"விளையாடாத."

"இல்ல பாப்பா. யாராவது மிளகாயைத் தாளிச்சா உடனே கத்தும். ராத்திரி பூரா நின்னு வேலை பாத்துட்டு வந்தவன் தூங்குவான். தூக்கம் போச்சுன்னா அவன் வேலையும் போச்சு."

மாடியில் படுத்திருந்த வாட்ச்மேன் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "மேனேஜர், தங்கச்சிகிட்ட மெதுவா பேசுங்க. இங்க ஒருத்தன் கனவுல இப்பதான் கல்யாண மண்டபத்துக்குள்ள போறான்."

"பொண்ணு யாருண்ணே?"

"அதுக்குள்ள எழுப்பிட்டீங்களே."

அண்ணனுக்கு முதல் மாடியில் சன்னல் வைத்த ஒரு சின்ன அறையை வீட்டுக்காரர் கொடுத்திருந்தார். அதற்கு ஈடாக அவன் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எந்தக் கட்டில், குளியலறை வரிசை, தண்ணீர், சண்டை எல்லாம் அவன் பொறுப்பு. அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று இருந்தது. நகராட்சியிலிருந்து சோதனைக்கு ஆள் வரும்போது வீடு தேற வேண்டும்.

அந்த நாளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'பொண்ணு பாக்க வர்றாங்க'. முன்கூட்டியே தகவல் வந்துவிடும். வந்ததும் வீடே பரபரக்கும். மேல்தட்டுக் கட்டில்களைக் கழற்றி மொட்டை மாடிக்கு ஏற்றுவார்கள். இரும்புப்படி ஒழிக்கப்படும். பின்கதவுப் பூட்டு கழற்றப்படும். கருவியின் தலையிலிருந்து சாக்ஸ் இறங்கும். அறைகளில் இருக்கும் கரண்ட் அடுப்பு, வயர், கூடுதல் போர்வை, தலையணை எல்லாம் படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் போய்விடும். கணக்கில் இல்லாத ஐந்து பேரும் பூங்காவுக்கோ கடைத்தெருவுக்கோ போய்விட வேண்டும். போக முடியாதவர்களை, அதாவது இரவு வேலை முடித்துக் கண் எரிய வந்தவர்களையும் உடம்பு சரியில்லாதவர்களையும், மொட்டை மாடியில் தண்ணீர்த்தொட்டியை ஒட்டிய அறையில் வைத்து அண்ணன் வெளியே பூட்டிவிடுவான். பூட்டிய அறையைப் பார்த்தால் தொட்டி அறைதானே என்று அதிகாரிகள் திரும்பிவிடுவார்கள்.

பூட்டுவதற்கு முன் அவன் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வானாம். "கீழ என்ன சத்தம் கேட்டாலும் மூச்சு விடக்கூடாது. அலாரத்த அமுக்கிப் பாப்பாங்க, கதவத் தட்டுவாங்க, யாராவது கத்துவாங்க. நான் வந்து தொறக்குற வரைக்கும் நீங்க இல்ல."

அரை மணி நேரத்துக்குள் முழு வீட்டையும் மாற்றிக்காட்டுவதில் அவனுக்குப் பெருமை. அதிகாரி போனதும் எல்லாம் பழையபடி. வருடத்தில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அது சட்டம் சொல்கிற வீடாக இருந்தது.

எதற்கு இத்தனை பாடு என்று கேட்கலாம். அதே தெருவில் வேறொரு பங்கு வீட்டில் கணக்குக்கு மேல் ஆள் இருப்பது தெரிந்து, அன்றைக்கே சீல் வைத்துவிட்டார்கள். துணிமணியோடு வெளியே நின்றவர்களுக்கு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. மழைக்காலம். பேருந்து நிலையத்தில் படுத்தார்கள். அவர்களில் ஒருவர் நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. அந்த மூடிய கதவைத் தாண்டித்தான் அண்ணன் தினமும் வேலைக்குப் போனான். உண்மையைச் சொன்னால் பதினோரு பேரும் தெருவில். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. அந்த வீட்டில் புகை புகுந்தால் மரப்படி என்ன செய்யும் என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

பிறகு ஒரு புதிய அதிகாரி வந்தார். நடு வயதுப் பெண், மெதுவாக நடப்பவர். மற்றவர்கள் கதவைத் திறந்து மூடிவிட்டுப் போவார்கள். இவர் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு, "கட்டில் ஆறு இருக்கு. பிரஷ் எப்படி பதினொண்ணு இருக்கு?" என்று கேட்டார்.

"பழசெல்லாம் ஷூ தேய்க்க வச்சிருக்கோம் மேடம்."

"ஷூ தேய்க்கிற பிரஷ்ல பேஸ்ட் ஈரமா இருக்கே தம்பி."

 அந்த அம்மாள் எதையும் எழுதவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போதுதான் சொன்னாராம். "உங்கள வெரட்டுறதுக்கு நான் வரல. ஆனா பாத்தத எழுதினா மூடித்தான் ஆகணும். நடுவுல ஒரு வழிய எனக்கு யாரும் குடுக்கல. நீங்களா சொல்ல வந்தா, ஆளுங்களுக்கு முதல்ல இடம் பாத்துட்டு அப்புறம் மூட முடியுமான்னு கேட்டுப் பாக்குறேன். முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்." தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அண்ணன் எனக்குப் போன் செய்தான். "சொல்லிடலாமான்னு இருக்கு பாப்பா. அந்தம்மா நல்லவங்களாத்தான் தெரியுறாங்க."

"வீட்டுக்காரர்கிட்ட பேசினியா?"

"பேசினேன். 'நீ பாத்து வந்த வேலை நல்லாத்தானே போகுது, எதுக்கு வேலியில போறதை வேட்டிக்குள்ள விட்டுக்கறே'ங்கிறாரு. பசங்ககிட்டயும் கேட்டேன். கூடத் தங்கியிருக்கிற டிரைவர் ஒத்துக்கிட்டான். மத்தவங்க என் மூஞ்சியையே பாக்குறாங்க. அவங்களுக்குப் போக எடம் இருக்கா? ஒருத்தருக்கும் இல்ல." பிறகு, "அடுத்த தடவை பிரஷையும் ஒளிச்சு வச்சிடணும்" என்றான். நகைச்சுவையாகத்தான் சொன்னான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த தடவை வந்தது. வெயில் காலம், முற்பகல். அண்ணன் பேக்கரியில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டான். அன்று வெளியே போக முடியாதவர்கள் மூன்று பேர். இரவு வேலை முடித்து வந்த வாட்ச்மேன், காய்ச்சலில் கிடந்த லாண்டரிக்காரர், பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். இவனுக்கு அங்கே 'பார்சல்' என்று பெயர். வண்டியிலிருந்து விழுந்து கால் வீங்கியிருந்தது. மூன்று பேரும் மேலே ஏறியதை அண்ணன் பார்த்தான். கீழே தெருவிலிருந்து வீட்டுக்காரர் போனில் அவனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவன் ஓடிப் போய்த் தொட்டி அறையைப் பூட்டிவிட்டு இறங்கினான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பவன்தான்.

அதிகாரி அம்மாள் வந்தார். கீழ்க்கூடத்தில் குச்சியால் கருவியின் பொத்தானை அமுக்கினார். வீடு அதிரக் கத்தியது. நின்றது. மேலே பூட்டிய அறையில் வாட்ச்மேன் லாண்டரிக்காரரிடம் "பொண்ணுக்குப் பாட்டுப் பாடத் தெரியுமான்னு கேக்குறாங்க" என்றாராம். காய்ச்சலிலும் அவர் சிரித்திருக்கிறார்.

முதல் மாடியில் அறையின் அகலத்தை அளப்பதற்கு அந்த அம்மாள் டேப்பின் ஒரு முனையை அண்ணனிடம் கொடுத்தார். அவன் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அப்போது கருவி மறுபடியும் கத்தத் தொடங்கியது.

அவர் அண்ணனைப் பார்த்தார். "நான் அமுக்கலயே."

படிக்கட்டின் இடுக்குகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. முதலில் வெளுப்பாக, பிறகு கறுப்பாக. அலமாரிக்குள் திணித்த கரண்ட் அடுப்புகளில் ஒன்று சூடு ஆறாமல் இருந்திருக்கிறது. மேலே போர்வைகளும் தலையணைகளும். அது யார் கையால் உள்ளே போனது என்று தெரியவில்லை. காய்ச்சல்காரருக்காக அன்று காலை யாரோ வெந்நீர் வைத்திருக்கிறார்கள். பிற்பாடு அந்த வீட்டிலிருந்து நான்கு பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, அது தன் கையாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

மரப்படியில் இறங்க முடியவில்லை. ஆனால் அன்று இரும்புப்படி ஒழிந்து கிடந்தது, பின்கதவு தொட்டவுடன் திறந்தது. வீட்டுக்குள் கணக்கில் இருந்தவர்கள் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கிச் சந்து வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதிகாரி அம்மாள் கடைசியாக இறங்கினார். இறங்கியதும் தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டு, விரலை நீட்டி எண்ணினார். என் அண்ணனையும் சேர்த்து ஆறு பேர் நின்றார்கள்.

"ஆறு பேரும் வந்தாச்சா?"

சோதனை நாட்களில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்க்கும் வீட்டுக்காரர் தெருவைக் கடந்து ஓடிவந்தார். "வந்தாச்சு மேடம். கணக்கு சரியா இருக்கு. அவ்வளவுதான் ஆளுங்க."

யாரும் எதுவும் சொல்லவில்லை. டிரைவர் அப்போது அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த நேரம் நீண்டதா குறுகியதா என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்கிறார். எல்லோரும் அண்ணன் வாயைத்தான் பார்த்தார்களாம். மேலே மொட்டை மாடியில் ஒரு சத்தமும் இல்லை. இருக்கவும் இருக்காது. நான் வருகிற வரைக்கும் நீங்கள் இல்லை என்று சொல்லி வைத்திருப்பவன் அவன்தான்.

"இல்ல மேடம்" என்றான் அண்ணன். "மேல இன்னும் மூணு பேரு இருக்காங்க. நான்தான் உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன். கூப்பிட்டா வரமாட்டாங்க."

"சாவி?"

"எங்கிட்டதான்."

அந்த அம்மாள் அவன் கையைப் பிடித்திருக்கிறார். தீயணைப்பு வண்டி வரட்டும், சாவியை அவர்களிடம் கொடு என்றிருக்கிறார். "பூட்டு ஒரு மாதிரி மேடம், தூக்கிப் புடிச்சாத்தான் தொறக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் கையை உருவிக்கொண்டு, இரும்புப்படி ஏறச் சந்துக்குள் ஓடினான். இதற்குப் பிறகு நடந்ததை வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உள்ளே வாட்ச்மேனுக்கும் லாண்டரிக்காரருக்கும் கருவி கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த அம்மாள் இன்றைக்கு ரொம்ப நேரம் அமுக்குகிறார் என்று நினைத்தார்களாம். கதவின் கீழே புகை நுழைந்த பிறகும், லாண்டரிக்காரர் இருமல் வெளியே கேட்காமலிருக்கச் சட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். பூட்டு திறந்தது. அண்ணன் நின்றான். முகம் கறுத்திருந்தது.

"நெசமாவே எரியுதுண்ணே. கெளம்புங்க. பின்படியெல்லாம் பொகை, அந்தப் பக்கம் சுவர் ஏறிக் குதிங்க." பக்கத்து வீட்டு மொட்டை மாடி ஓர் எட்டுத் தூரம்தான். வாட்ச்மேன் காய்ச்சல்காரரைத் தூக்கி அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தொட்டி அறைக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.

"பார்சல் எங்க?"

"அவன் உள்ளயே வரல மேனேஜர்."

"ஏறினத நான் பாத்தேனே."

"ஏறினான். அப்புறம் காணோம். கட்டில்ல போய்ப் படுத்துட்டானோ என்னவோ, கால் வலின்னு சொல்லிட்டே இருந்தான். நீங்க வாங்க, மொதல்ல வாங்க."

"அவனால ஓட முடியாதுண்ணே" என்றானாம் அண்ணன். அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. படியிறங்கி இரண்டாம் மாடிக்குள் போய்விட்டான். பார்சலின் கட்டில், சோதனை நாளில் சாமான் அறை என்று காட்டுகிற சன்னலில்லாத உள்ளறையில் இருந்தது. பலகைத் தடுப்புகள் எரிய ஆரம்பித்தால் அவ்வளவு நேரம் தாங்காது என்று தீயணைப்புக்காரர்கள் எங்களிடம் சொன்னார்கள். அண்ணனை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். போர்வையை விலக்கி, அடியிலும் பார்த்திருக்கிறான்.

பார்சல் அப்போது அடுத்த தெரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். அந்தப் புழுக்கமான அறைக்குள் அடைபட்டிருக்கப் பிடிக்காமல், அண்ணன் பூட்ட வருவதற்குள் பக்கத்து மாடிக்கு மெல்லத் தாண்டி, அந்த வீட்டுப் படி வழியாக நொண்டி நொண்டி இறங்கிப் போயிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. தெருவுக்குத் திரும்பி வந்தபோது புகையைப் பார்த்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றவன், தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று தெரியாமல், "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று டிரைவரிடம் கேட்டிருக்கிறான்.

வீட்டுக்காரர் மேல் வழக்கு நடக்கிறது. அவருடைய வக்கீல், பூட்டியதும் சாவி வைத்திருந்ததும் இறந்துபோனவர்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அது உண்மை. அதிகாரி அம்மாள் பார்த்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தார், பிரஷ் விஷயத்தையும் சேர்த்து. எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் வந்தார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.  போகும்போது என்னிடம், "அவர் வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் சரின்னு நம்பியிருப்பேன்மா" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

பார்சல் வந்தது அதற்கும் ரொம்பப் பிறகு. வேலைச் சட்டையோடு வந்தான். உள்ளே வரச்சொன்னால் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்மா."

 அம்மா அவன் காலைப் பார்த்தாள். "வீக்கம் வத்திடுச்சா?"

"வத்திடுச்சும்மா."

"இப்ப எங்கப்பா தங்கியிருக்கே?"

"அதே மாதிரி ஒரு வீடுதாம்மா. வேற எங்க குடுக்குறாங்க. டிரைவர் அண்ணனும் அங்கதான் இருக்காரு."

"சன்னல் இருக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை பேரு?"

"எட்டுப் பேருக்குன்னு போட்டிருக்கும்மா" என்றான் பார்சல்.

"நான் போட்டிருக்கிறதக் கேக்கலப்பா."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வேலைக்கு நேரமாகிறது என்று என்னிடம் சொன்னான். அம்மா படியிறங்கி அவன் பின்னால் போய், அவன் செருப்புச் சத்தம் கேட்கும் வரைக்கும் நின்றாள். அவன் கடைசிவரை அந்த எண்ணைச் சொல்லவில்லை.